நாலாவது வாரத்து நாடி

அத்தியாயம் 17

போன அத்தியாயத்தில் ஷீலாவை ஜித்ராவில் கல்லூரி வாசலில் அழுத முகத்தோடு பஸ் ஏற்றிவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன் என்று ஒரு வாரமாகப் பலருக்கு என்மேல் கோபம். கோபம் நியாயம்தான். ஆனால் அவள் வீடு வந்து சேர மதியம் ஆகும். அதற்குள் சுங்கை லாலாங்கில் அவளுடைய அண்ணி பிரேமாவதி ஓடி முடிக்க வேண்டிய ஓட்டம் ஒன்று இருக்கிறது.

சனிக்கிழமை காலை எட்டு மணி. ராத்திரி மழை பெய்திருந்தும் வெயில் அதற்குள் சுள்ளென்று விழுந்தது. செம்பனைத் தோட்டத்துச் சாலையில் பிரேமாவதி ஓடிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி, உருட்டாத குறையாக மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டிக்கொண்டு அவள் கணவன் புவனேசன் வந்தான். அவனுடைய சட்டைப் பையில் கைப்பேசி நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தது.

இரண்டாயிரத்து நானூறு மீட்டர். பதின்மூன்றரை நிமிடம். வரும் வியாழக்கிழமை அதற்கு மேல் ஒரு நொடி ஆனாலும் பெயரை அடித்துவிடுவார்கள்.

எதிலிருந்து அடிப்பார்கள் என்று புதிதாக வந்தவர்கள் கேட்கலாம். பிரேமாவதி சுங்கைப்பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் எட்டு வருடமாக நின்ற இடத்தில் நின்று கையுறைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறவள். அந்தத் தொழிற்சாலை தன் தீயணைப்புக் குழுவில் முதல் முறையாகப் பெண்களைச் சேர்க்கிறது. நான்கு இடம். பள்ளிக்கூடத்தில் மாவட்ட அளவில் ஓடியவள், பதினேழு வயதில் நிறுத்திய ஓட்டத்தை இருபத்தொன்பதில் மறுபடியும் தொடங்கியிருக்கிறாள். பயிற்சி பிப்ரவரியில் தொடங்கி ஒரு வருடம், நடுவில் இந்த ஓட்டத் தேர்வு. அந்த ஒரு வருடத்தில் கர்ப்பமானால் குழுவிலிருந்து விலக வேண்டும். விதி அப்படி. அந்த விதியைக் கணவனிடமோ மாமியாரிடமோ அவள் சொல்லவில்லை.

அதனால் எட்டு மாதமாக அவள் யாருக்கும் தெரியாமல் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாள். கல்யாணமாகி மூன்று வருடம். குழந்தைக்காகக் கோயில் கோயிலாக ஏறி இறங்கும் வீட்டில் இருந்துகொண்டு சாப்பிடுகிறாள். ஒரே ஒரு வருடம், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறாள். சொல்லிச் சொல்லியே எட்டு மாதம் ஓடிவிட்டது.

பழைய இரும்பு கேட்தான் எல்லை. அதைத் தொட்டுவிட்டுக் குனிந்து நின்றாள். மூச்சு வாங்கியது. காதுக்குள் நாடி அடித்தது. கையில் கட்டியிருந்த கடிகாரம் நூற்று எண்பத்திரண்டு என்று காட்டியது.

புவனேசன் நேரத்தைப் பார்த்தான். வண்டியை நிறுத்தித் தண்ணீர் போத்தலைத் திறந்து கொடுத்துவிட்டுத்தான் சொன்னான்.

"பதிமூணு அம்பத்தி ஆறு. இன்னைக்கு வெயில் அதிகம் லா. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி பதிமூணு இருபது ஓடுனவதான நீ."

அவன் அப்படித்தான். அவள் நன்றாக ஓடினால் அது அவள் திறமை. சரியாக ஓடாவிட்டால் வெயில், மழை, சாலையில் கல். அவனை ஏமாற்றுவது இதனாலேயே பிரேமாவதிக்குப் பாரமாக இருந்தது. சண்டை போடுகிறவனாக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு வாரத்துக்கு முன் ஏன் நன்றாக ஓடினாள் என்று அவளுக்குத் தெரியும். அது மாத்திரை அட்டையின் நாலாவது வாரம். அந்த ஏழு நாளும் மருந்து இல்லாத வெறும் மாத்திரை. அந்த வாரத்தில் உடம்பு லேசாக இருக்கும், அதே வேகத்துக்கு நாடி ஏழெட்டுத் துடிப்பு குறையும், வெயில் அவ்வளவாகத் தாக்காது. மருந்து உள்ள மூன்று வாரமும் உடம்பு கொஞ்சம் சூடாகவே இருக்கும், சீக்கிரம் களைத்துவிடும். எல்லாருக்கும் இப்படி இல்லை, சிலருக்கு ஒரு மாற்றமும் தெரியாது, உனக்குத் தெரிகிறது போல என்று கிளினிக் தாதி சொல்லியிருந்தார். வியாழக்கிழமை மூன்றாவது வாரத்தில் வந்து விழுந்திருந்தது. அட்டையைப் பாதியில் நிறுத்திப் பார்க்கலாமா என்று தாதிக்குப் போன் போட்டும் கேட்டாள். கேட்காமல் அப்படியெல்லாம் செய்யாதே என்று திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

புவனேசன் அவளை வீட்டில் விட்டுவிட்டு ஒன்பது மணிக்குச் செம்பனை எண்ணெய் ஆலைக்குக் கிளம்பினான். சனிக்கிழமை அவனுக்கு அரை நாள் வேலை.

வீட்டில் மாமியார் புஷ்பவள்ளி பார்லித் தண்ணீரோடு தயாராக நின்றார்.

புஷ்பவள்ளியின் கட்சி இதுதான்: ஓடினால் உடம்பு சூடாகும், சூடான வயிற்றில் கரு தங்காது. மருமகள் ஓடுவதை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார், மகன் விடவில்லை. எனவே சூட்டைத் தணிக்கும் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். காலையில் பார்லி, மத்தியானம் மோர், சாயங்காலம் ஊறவைத்த வெந்தயம். இதில் அவருக்கு ஒரு வெற்றியும் கிடைத்திருந்தது. முன்பெல்லாம் பிரேமாவதிக்கு மாதவிலக்கு நாற்பது நாளுக்கு ஒரு முறை, ஐம்பது நாளுக்கு ஒரு முறை என்று இஷ்டத்துக்கு வரும். இப்போது மணி அடித்தாற்போல் வருகிறது. அந்த நாட்களில் பிரேமாவதி சாமி மேடைப் பக்கம் போகமாட்டாள், புஷ்பவள்ளிதான் விளக்கேற்றுவார். அதனால் வீட்டில் எல்லாருக்கும் கணக்குத் தெரியும். எல்லாம் பார்லி செய்த வேலை என்று புஷ்பவள்ளி கோயிலில் நாலு பேரிடம் சொல்லியும் ஆகிவிட்டது.

வியாழக்கிழமை ஓட்டம் முடியட்டும், வெள்ளிக்கிழமை பாடாங் மேஹாவுக்குப் போய் வயிறு தடவிவிடும் மலாய்க்காரப் பாட்டியைப் பார்த்துவிட்டு வருவோம் என்று இன்றைக்கும் சொன்னார். பிரேமாவதி சரி என்றாள். அவள் எட்டு மாதமாக எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பார்லித் தண்ணீரைக் குடித்துக் குவளையைக் கழுவி வைத்தாள்.

ஷீலா ஒரு மணிக்கு வந்தாள். அம்மா கேட்டதற்குத் தலைவலி என்றாள். சோறு வேண்டாம் என்றாள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணியைத் தேடிக் கொல்லைப்பக்கம் வந்து, வந்த வேகத்தில் கேட்டாள்.

"அண்ணி, அந்த நம்பரெல்லாம் நீங்க உண்மையா அளந்து எழுதுனீங்களா? இல்ல மறந்துபோய் ஒரு குத்துமதிப்பா எழுதிட்டீங்களா? எதா இருந்தாலும் சொல்லிருங்க. நான் கோவிச்சுக்கமாட்டேன்."

எந்த எண்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஷீலா கல்லூரியில் விளையாட்டு அறிவியல் படிக்கிறாள். ஒரு பெண்ணின் உடம்பு ஒரே ஓட்டத்துக்கு மாதம் முழுக்க ஒரே மாதிரி ஈடு கொடுக்கிறதா என்பது அவளுடைய ஆய்வு. வெளியே ஆள் தேடுவானேன், அண்ணிதான் ஓடுகிறாளே என்று வீட்டிலேயே பிடித்துவிட்டாள். நான்கு மாதமாக பிரேமாவதி தினமும் எழுந்திருக்கும் முன் படுக்கையிலேயே உடம்புச் சூட்டை அளந்து, ஓடும் நாளில் நாடியையும் நேரத்தையும் பார்த்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தாள். ஒரு நாள்கூட விட்டதில்லை. எண்கள் கோள் சொல்லும் என்று அவளுக்குத் தெரியாது.

"அளந்துதான் எழுதுனேன்," என்றாள் பிரேமாவதி.

ஷீலா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். அவளுடைய விரிவுரையாளர் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, இது நீயே உட்கார்ந்து எழுதியது என்று சொல்லிவிட்டாராம். திங்கட்கிழமை பத்து மணிக்கு மூன்று விரிவுரையாளர்கள் முன்னால் போய் நிற்க வேண்டும். பொய்க் கணக்கு என்று முடிவானால் இந்த வருடம் போய்விடும். கல்லூரியை விட்டே நிறுத்தினாலும் நிறுத்துவார்கள்.

ஏன் பொய் என்கிறார் என்று பிரேமாவதி கேட்டாள்.

"பொம்பளைங்களுக்கு உடம்புச் சூடு பாதி மாசம் கொறைவா இருக்கும், பாதி மாசம் கூட இருக்கும் அண்ணி. நாளு முன்னப் பின்ன ஆகும். ஒங்களோடது மூணு வாரம் கூட, ஒரு வாரம் கொறைவு. நாடியும் அதே மாதிரி. நாலு மாசமும் ஒரு நாள்கூட மாறல. மாத்திரை சாப்பிடுறவங்களுக்குத்தான் இப்படி வரும்னு மேடம் சொல்றாங்க. போராங்ல மாத்திரை இல்லன்னு போட்டிருக்கு. அப்ப ஒண்ணு போராங் பொய், இல்ல நீ பொய்னு கேக்குறாங்க."

பிரேமாவதி கையில் இருந்த சட்டையை உதறினாள். ஏற்கெனவே உதறிய சட்டைதான்.

"நான் மேடம்கிட்ட சொன்னேன்," என்று ஷீலா தொடர்ந்தாள். "எங்க அண்ணனும் அண்ணியும் கொழந்தைக்காகப் போகாத கோயில் இல்ல, அவங்க எதுக்கு மேடம் அந்த மாத்திரைய சாப்பிடப் போறாங்கன்னு. எனக்கு அழுகையே வந்திருச்சு அண்ணி. அங்கேயே அழுதுட்டேன்."

ஷீலா நிமிர்ந்து பார்த்தாள். பிரேமாவதி துணிக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு ஷீலாவுக்கு மேற்கொண்டு கேட்க எதுவும் இருக்கவில்லை.

உள்ளே புஷ்பவள்ளி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"அண்ணனுக்குத் தெரியுமா?" என்று ஷீலா மெதுவாகக் கேட்டாள்.

பிரேமாவதி தலையை ஆட்டினாள். இல்லை.

ஷீலா கோபப்பட்டிருக்கலாம். கோபம் வந்ததும் உண்மை. அம்மாவை இத்தனை மாதம் பார்லி காய்ச்ச வைத்தீர்களே என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்தத் தீயணைப்புக் குழுவுக்கு மனு போடச் சொல்லி அண்ணியைத் தூண்டிவிட்டவளே அவள்தான். அவளுக்கு இரண்டு பக்கமும் வலித்தது. கடைசியில், தான் வாயைத் திறக்கப் போவதில்லை, ஆனால் திங்கட்கிழமை எதையாவது சொல்லியாக வேண்டும், அது என்ன என்று அண்ணிதான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அந்தப் போராங், அதாவது படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு எல்லாரும் மேசையில் உட்கார்ந்திருந்தபோது ஷீலா அதைக் கொண்டுவந்தாள். மலாய்மொழியில் நாலு பக்கம். ஓடுகிறவள் பிரேமாவதி, ஆனால் பேனாவை எடுத்தவன் புவனேசன். அந்த வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் அவன்தான் எழுதுவான். கையெழுத்து நன்றாக இருக்கும், ஆலையிலும் எல்லாரும் அவனிடம்தான் எழுதிக் கேட்பார்கள். ஒவ்வொரு கேள்வியாகச் சத்தம் போட்டுப் படித்தான். புகைபிடிப்பீர்களா என்று படித்துவிட்டு மனைவியைப் பார்த்துச் சிரித்தான். கருத்தடை மாத்திரையோ ஊசியோ உண்டா என்ற கேள்வி வந்தபோது அவள் வாயைத் திறப்பதற்குள் இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டு, நமக்கு அது ஒன்றுதான் குறைச்சல் என்று அம்மாவிடம் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்புறம் அவன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

கோடு போட்டது அவன். பொய் அவளுடையது.

புவனேசன் இரண்டரை மணிக்கு வந்தான். ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே, உன் தங்கச்சி முகம் சரியில்லை, என்னவென்று கேள் என்று புஷ்பவள்ளி சொல்லிவிட்டார். அவன் ஷீலாவின் அறை வாசலில் போய் நின்றான். எவ்வளவு நேரம் மறைக்க முடியும்? கணக்கைப் பொய் என்கிறார்கள் என்பதை மட்டும் ஷீலா சொன்னாள். மாத்திரையைப் பற்றி விரிவுரையாளர் கேட்டதைச் சொல்லாமல் விட முயன்றாள். அவன் தோண்டித் துருவியதில் அதுவும் வந்துவிட்டது.

பிரேமாவதி சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"நான் வர்றேன் திங்கக்கெழம," என்றான். "போராங் எழுதுனது நானு. டெய்லி காலையில அவ தெர்மாமீட்டர் வைக்கிறத பாக்குறவன் நானு. டைம் புடிக்கிறவன் நானு. என் பொண்டாட்டி என்னா சாப்பிடுறா, சாப்பிடலன்னு எனக்குத் தெரியாதா? அவங்க மூணு பேரு முன்னாடி நானே சொல்றேன். வேணும்னா சத்தியம் பண்றேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. ஆலை மேற்பார்வையாளருக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை லீவு வேண்டும், குடும்ப விஷயம் என்று மலாயில் கேட்டு வாங்கிவிட்டான். கல்யாணத்துக்குப் போட்ட நீலச் சட்டையை அலமாரியிலிருந்து எடுத்து, அதற்குப் பொத்தான் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தான். புஷ்பவள்ளி தானும் வருகிறேன் என்றார். நம் வீட்டுப் பெண்ணைப் பொய்க்காரி என்று சொல்ல அவர்கள் யார் என்றார்.

ஷீலா சமையலறை வாசலுக்கு வந்து அண்ணியைப் பார்த்தாள். அண்ணன் மூன்று படித்தவர்கள் முன்னால் நீலச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பான், தன் மனைவிக்காகச் சத்தியம் செய்வான், அவர்கள் அந்த எண்களை அவன் முன்னால் விரித்து வைத்துப் பதில் கேட்பார்கள். இரண்டு பெண்களுக்கும் அது கண் முன்னால் தெரிந்தது.

பிரேமாவதிக்கு வேறு ஒரு யோசனையும் வந்தது. வந்ததை மறைப்பானேன். நான்தான் அளக்காமல் குத்துமதிப்பாக எழுதினேன் என்று சொல்லிவிட்டால்? விரிவுரையாளருக்கும் பதில் கிடைக்கும், வீட்டிலும் எதுவும் தெரியாது. ஷீலாவின் ஆய்வுதான் குப்பைக்குப் போகும். நான்கு மாத வேலை. ஒரு நிமிடம் அதை நிஜமாகவே எடைபோட்டுப் பார்த்தாள். பிறகு தன்னை நினைத்தே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

நாலரை மணிக்கு பார்லி தீர்ந்துவிட்டது என்று புஷ்பவள்ளி ஞாபகப்படுத்தினார். பீடோங் வரை போய் வாங்கி வருவோமா, நானும் வருகிறேன் என்று பிரேமாவதி கணவனிடம் சொன்னாள். அவன் காடிச் சாவியை எடுத்துக் காரைக் கிளப்பினான்.

சாலை நெடுக அவன் திங்கட்கிழமையைப் பற்றியே பேசினான். எத்தனை மணிக்குக் கிளம்பினால் ஜித்ராவுக்குப் பத்துக்குள் போகலாம், அந்த நோட்டுப் புத்தகத்தை மறக்காமல் எடுக்க வேண்டும், கைப்பேசியில் அவன் பிடித்த நேரங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, அதையும் காட்டலாம். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பீடோங் கடைத்தெரு வந்துவிட்டால் சொல்ல முடியாது என்று தெரிந்தது. கடைத்தெருவுக்கு இன்னும் இரண்டு மைல்தான் இருந்தது.

"அந்தக் கட்டத்துல ஆமான்னு இருக்கணும்," என்றாள்.

"எந்தக் கட்டம்?"

"போராங்ல. மாத்திரை சாப்பிடுறியான்னு கேட்டது. நான் சாப்பிடுறேங்க. எட்டு மாசமா."

அவன் உடனே நிறுத்தவில்லை. கொஞ்ச தூரம் ஓட்டிக்கொண்டே போனான். பிறகு செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் ஒதுங்கும் இடம் வந்ததும் அங்கே திருப்பி நிறுத்தினான். பின்னால் வந்த லாரி ஒலி எழுப்பிக்கொண்டு தாண்டிப் போனது.

பிரேமாவதி எல்லாவற்றையும் சொன்னாள். குழுவில் இருக்கும் அந்த ஒரு வருட விதியைப் பற்றி, கிளினிக்கைப் பற்றி. குழந்தை வேண்டாம் என்று இல்லை, இது ஒன்றை முடித்துவிட்டு என்று நினைத்ததைச் சொன்னாள். ஜூன் மாதமே சொல்லியிருக்க வேண்டும், அதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும், ஒவ்வொரு நாளும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன் என்றாள். அவள் முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

"எந்த மாசம் ஆரம்பிச்ச?"

"பிப்ரவரி. தைப்பூசம் முடிஞ்சு."

ஸ்டேரிங்மேல் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினான். எண்ணி முடித்தும் விரல்களைப் பிரிக்கவில்லை.

"ஏப்ரல்ல நான் சுங்கைப்பட்டாணியில ஒரு கிளினிக்குக்குப் போனேன்," என்றான். "ஓவர்டைம்னு ஒன்கிட்ட சொன்னேன். அன்னைக்கு ஓவர்டைம் இல்ல."

பிரேமாவதி அவன் பக்கம் திரும்பினாள்.

"கல்யாணமாகி ரெண்டு வருசம் தாண்டியும் இல்லியேன்னு செக் பண்ணப் போனேன். எனக்கு உயிரணு கொறைவா இருக்குதாம். ரொம்பக் கொறைவு இல்ல, மருந்து சாப்பிட்டா சரியாகலாம்னு டாக்டர் சொன்னாரு. ஜூலையில மறுபடியும் போனேன். மருந்த மில்லுல என் லாக்கர்லதான் வச்சிருக்கேன். ஒனக்குத் தெரிஞ்சா அசிங்கம்னு நெனச்சேன்."

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினான்.

"அம்மா விளக்கேத்துற அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சிரும், இந்த மாசமும் இல்லன்னு. அந்த வாரந்தான் நீ நல்லா ஓடுவ. பதிமூணு இருபது. பதிமூணு இருபத்தி ரெண்டு. நான் பின்னாடியே வந்து டைம் சொல்லிட்டு சபாஷ்னு சொல்வேன். இவளுக்கு ஒரு கொழந்தைய குடுக்க முடியல, டைமாச்சும் ஒழுங்கா புடிச்சுக் குடுப்போம்னு நெனச்சுக்குவேன்."

பிரேமாவதி அழுதாள். சத்தம் வராமல்தான் அழுதாள். அவன் கைமேல் கையை வைத்தாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, அவள் கையைப் பிடிக்கவும் இல்லை.

திங்கட்கிழமை தான் வரவில்லை என்றான். ஷீலாவின் பெயர் கெடக்கூடாது, நீயே அவளோடு போ, புதிய படிவத்தில் உன் கையாலேயே எழுதிக் கொடு என்றான். அம்மாவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம் என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆலையில் ஷிப்ட் மாறும்போது அடுத்த ஆளிடம் வேலையை ஒப்படைக்கிற குரல் அது. அதைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

அவன் காடியை உயிர்ப்பிக்கச் சாவியைத் தொட்டான். திருகவில்லை. முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"லாக்கர்ல இன்னும் ரெண்டு மாசத்துக்கு மருந்து இருக்கு," என்றான். "இனிமே நான் அத சாப்பிடணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு பிரேமா."

சாப்பிடுங்க என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு வியாழக்கிழமை ஓட்டம் ஞாபகம் வந்தது. அது ஞாபகம் வந்ததற்காகத் தன்னையே வெறுத்தாள். அவன் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தான்.